நெற்றி உயரக் கம்பு

அன்புள்ள ஐயா,

எனக்கு 53 வயது. தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தேன். இப்போது மதுரையில் இருக்கிறேன், கணக்கு எழுதும் வேலை. என் தாத்தா சிலம்பம் தெரிந்தவர். அம்மன் கொடையில் சாமி புறப்படும் முன் அவர் கம்போடு இறங்கினால் ஊரே வட்டம் கட்டி நிற்கும். அந்தக் கம்பு எங்கள் வீட்டு உத்தரத்தில் செருகியிருக்கும். அண்ணன் எடுத்துச் சுற்றுவான். நான் தொட்டால், "பெண்பிள்ளைக்கு இது எதற்கு?" என்று பாட்டி வாங்கி வைத்துவிடுவார்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் மாலையில் சிலம்ப வகுப்பு நடக்கிறது. இரண்டு மாதமாகக் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் நின்று பார்க்கிறேன். எல்லோரும் சின்னப் பிள்ளைகள். தயங்கித் தயங்கி ஆசானிடம் கேட்டேன். வாருங்கள் என்றார். என் கணவர், "முழங்கால் வலிக்கு நடந்தால் போதாதா?" என்கிறார். மகள் சிரிக்கிறாள். கேரளத்து வடகரை மீனாட்சி அம்மா எழுபது வயதைத் தாண்டியும் களரிச் சண்டைக்கலையில் வாள் பிடிப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியமே வந்தது. போன மாதம் பக்கத்து வீட்டு அம்மாவின் சங்கிலியைப் பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனதும் மனதில் இருக்கிறது.

நீங்கள் 47 வயதில் தொடங்கியதாக முன்பு எழுதியிருந்தீர்கள். இந்த வயதில் தொடங்கினால் உண்மையில் ஏதாவது வருமா? ஆசைப்பட்டுப் போய்க் காலை உடைத்துக்கொள்வேனா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். இரண்டு மாதம் வேலிக்கு வெளியே நின்றது போதும்.

மீனாட்சி அம்மாவைப் பார்த்துத் தைரியம் கொண்டீர்கள், நல்லது. ஆனால் அவர் களரிக்குள் காலெடுத்து வைத்தது ஏழு வயதில். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாடே வியந்து பார்த்த அந்த வாள்வீச்சுக்குப் பின்னால் அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட பயிற்சி இருந்தது. 53-ல் தொடங்குகிறவர் அவரை வணங்கலாம், அவரோடு தன்னை அளந்து பார்க்கக்கூடாது. அப்படி அளந்தால் ஆறு மாதத்தில் மனம் விட்டுப்போகும்.

நமக்கு ஏற்ற உதாரணம் ஒன்று தூரத்தில் இருக்கிறது. ஆந்தணி போர்டெய்ன் என்ற அமெரிக்கச் சமையற்கலைஞர், நெடுங்காலம் புகைபிடித்தவர், ஐம்பதுகளின் பிற்பகுதியில் பிரேசிலிய ஜியு-ஜித்சு என்ற மல்லுக்கட்டும் கலையைக் கற்கத் தொடங்கினார். 2016-ல், 59 வயதில், நியூயார்க் போட்டி ஒன்றில் தங்கப் பதக்கம் வாங்கினார். எந்தப் பிரிவில் தெரியுமா? 51 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான நீலப் பட்டைப் பிரிவில். நீலம் அங்கே வெள்ளைக்கு அடுத்த படி, அவ்வளவுதான். தன் வயதுக்காரர்களோடு, தன் படியில் நின்றவர்களோடு மோதி வென்றார். அந்தப் பதக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். காலை உடைத்துக்கொள்வேனா என்று கேட்கிறீர்கள். நம் வயதில் தொடங்குகிறவர்களுக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாம் மாதம் எனக்கு ஒற்றைக்கை வீச்சு பிடிபட்டது. மணிக்கட்டு எங்கே திரும்புகிறது, கம்பு எந்த இடத்தில் கை மாறுகிறது என்பதெல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. அந்த மகிழ்ச்சியில் மொட்டை மாடியில் காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் சுற்றினேன். ஆசானிடம் சொல்லவில்லை. நான்காம் மாதம் வலது முழங்கையின் வெளிப்புறம் வலிக்கத் தொடங்கியது. தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியவில்லை. ஐந்து மாதம் கம்பைத் தொடவில்லை.

உடலில் நடந்தது இதுதான். பயிற்சி தொடங்கிச் சில வாரங்களிலேயே தசை வலுப்பெற ஆரம்பிக்கிறது. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை மெதுவாகத்தான் தேறும், மாதக்கணக்கில். வயது கூடக்கூட அந்த மெதுவும் கூடுகிறது. என் தசை தயாராக இருந்தது, நாண் தயாராக இல்லை. எனக்கோ அறிவு இந்த இரண்டையும் முந்திக்கொண்டு ஓடியது. ஒரு குழந்தை பார்க்கிறது, உடனே செய்து பார்க்கிறது, தவறுகிறது, திரும்பச் செய்கிறது. நாம் பார்த்ததும் புரிந்துகொள்கிறோம். புரிந்ததையே கற்றதாக எண்ணிவிடுகிறோம். முப்பது ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கும். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வீர்கள். அதனால்தான் உங்களை எச்சரிக்கிறேன்.

ஆகவே முதல் ஆண்டு ஆசான் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சுற்றுகூடச் சுற்றாதீர்கள். அவர் கம்பைக் கையில் கொடுக்காமல் இரண்டு வாரம் சுவடு, அதாவது காலடிப் பயிற்சி, மட்டும் வைக்கச் சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள். நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

சுவட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். வேடிக்கை பார்ப்பவர்கள் கம்பைப் பார்ப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் காலைப் பார்ப்பார்கள். முன்னால் ஓரடி, பின்னால் ஓரடி, பக்கவாட்டில் ஒன்று, அப்படியே உடலைத் திருப்பி எதிர்த்திசையில் ஒன்று. எந்த நொடியிலும் உடலின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஐம்பதைக் கடந்த உடம்புக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சியை நான் கண்டதில்லை. 2022-ல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்றில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரை ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. முடியாதவர்களிடையே அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது. ஒற்றைக் காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் நிலை தடுமாறும் உடம்பு எதையோ நமக்குச் சொல்கிறது. நடைப்பயிற்சி நல்லதுதான், உங்கள் கணவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் நடக்கும்போது நாம் ஒரே திசையில்தான் போகிறோம். குளியலறையில் வழுக்கும்போது பக்கவாட்டிலோ பின்னாலோ சரியாகக் கால் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். சுவடு அதைத்தான் பழக்குகிறது.

முழங்கால் வலி இருப்பதால் முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ரத்த அழுத்தமும் பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு வரும் சில ஆண்டுகளில் பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும் என்பதால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்றும் கேளுங்கள். வகுப்பில் ஒன்றை மறக்க வேண்டாம். திரும்பும்போது குதிகாலைத் தூக்கிப் பாதத்தையும் சேர்த்துத் திருப்புங்கள். பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். மண் தரை நல்லது. சிமெண்ட் தரையில் தாவவே வேண்டாம்.

சங்கிலி பறிப்புக்கு இது உதவுமா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் கேள்வி இருக்கிறது. உதவாது. சந்தைக்குப் போகும்போது நீங்கள் கம்பு கொண்டுபோகப் போவதில்லை. பைக்கில் வருகிறவன் இழுத்தால் விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டு இழுபட்டால் தலையில்தான் அடிபடும். சிலம்பம் தெரிந்துவிட்டது என்ற எண்ணத்தில் எதிர்த்து நிற்பது, தெரியாமல் நிற்பதைவிடக் கேடு. ஆசானே தெருச் சண்டையைக் காட்டி உங்களைச் சேர்க்கப் பார்த்தால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வராது. சாதனை என்ற பெயரில் பிள்ளைகளை வெயிலில் மணிக்கணக்காகச் சுற்றவைத்து மேடையில் சான்றிதழ் கொடுக்கும் வகுப்புகள் இப்போது பெருகிவிட்டன. அப்படிப்பட்ட இடமென்றால் வேறு வகுப்பு தேடுங்கள். உங்கள் உடம்பில் என்னென்ன தொந்தரவு என்று முதல் நாளே விசாரிக்கிற ஆசானா என்று பாருங்கள், அது போதும்.

சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கும் கூச்சம் இரண்டு வாரத்தில் போய்விடும். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒன்பது வயதுப் பையன், "மாமா, இடது காலைப் பின்னால் வையுங்கள்" என்று தினமும் சொல்வான். சொல்லிவிட்டுத் தன் கம்பைப் பார்க்கப் போய்விடுவான். என் வயதோ வேலையோ அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அத்தனை வருடங்களுக்குப் பிறகு ஒருவர் என்னை வெறும் மாணவனாக மட்டும் பார்த்தது அங்கேதான். அந்த மாலைகளுக்காகவே எவ்வளவு களைத்திருந்தாலும் வகுப்புக்குப் போனேன்.

நான் போகும் வகுப்பில் இன்று பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். அவர்களைப் பார்க்கும்போது உங்கள் பாட்டியின் மேல் கோபம் வந்தால் வரட்டும், அதில் நியாயம் இருக்கிறது. உங்கள் மகள் சிரிப்பதற்கு இப்போது பதில் சொல்ல வேண்டாம். ஒரு நாள் மைதானத்துக்கு அழைத்துப் போய்ப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

தாத்தாவின் கம்பு இன்னும் ஊரில் இருந்தால் அதை எடுத்துவந்து பழகத் தோன்றும். வேண்டாம். இத்தனை ஆண்டு காய்ந்த மூங்கில் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கும், வீசும்போது சிம்பு தெறித்துக் கண்ணில் படலாம். உயரமும் சரியாக இருக்காது. சிலம்பக் கம்பு தரையிலிருந்து நெற்றி வரை இருக்க வேண்டும், அது அவர் நெற்றிக்கு வெட்டியது. துடைத்து எண்ணெய் தடவி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பழகுவதற்குக் கனமில்லாத கம்பாகப் பார்த்து, உங்கள் உயரத்துக்கு அளந்து வெட்டித்தரச் சொல்லி ஆசானிடம் கேளுங்கள்.