லாப்பாவில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ரியோ டி ஜெனீரோவின் பழைய நகரப் பகுதி லாப்பா. அங்கே வெள்ளிக்கிழமை இரவுகளில் சின்னச் சின்னக் குழுக்களை பார் பாராக நடத்திக் கூட்டிப் போவது என் வேலை. பிரேசில் போகத் திட்டமிடும் நம் ஆட்கள் நிறையக் கேட்டிருந்தீர்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடத்தில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, பார் க்ரால்னா ஒரே ராத்திரியில நாலஞ்சு பார்ல குடிக்கணுமா? எனக்கு ரெண்டு பீருக்கு மேல தாங்காது.

தாராளமாக வரலாம் தம்பி. லாப்பாவில் இரண்டு வகை நடை இருக்கிறது. ஒன்று, கையில் பட்டை கட்டிவிட்டு ஒரு மணி நேரம் இலவசமாக ஊற்றிக் கொடுத்து, நாற்பது ஐம்பது பேரைக் கூட்டமாக நடத்தி, கடைசியில் ஒரு டிஸ்கோவில் கொண்டுபோய் விடுவது. இன்னொன்று, ஆறேழு பேர், நாலு கடை, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிவிட்டு அடுத்ததற்குப் போவது. நான் செய்வது இரண்டாவது வகை. முதல் வகைக்குப் போக வேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். லாப்பா சூடு பிடிப்பதே இரவு பத்து மணிக்கு மேல். இலவசச் சரக்கை எட்டு மணிக்கே ஏற்றிக்கொண்டவர்கள் அந்நேரம் ஓரமாகத் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவு தூரம் பறந்து வந்தவர்களை அப்படிப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். இங்கே தெருமுனை பாரை போட்டெக்கிம் என்பார்கள். பீர் கேட்டால் 600 மில்லி பாட்டில் ஒன்றும், ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி டம்ளரும் வரும். 1947-இலிருந்து தயாராகிற, பக்கவாட்டில் வரி வரியாக இருக்கும் இந்த டம்ளருக்கு 'அமெரிக்கன் டம்ளர்' என்று பெயர். விளிம்புவரை ஊற்றினால் 190 மில்லி பிடிக்கும், நம் டீக்கடை டம்ளரை விடக் கொஞ்சம்தான் பெரிசு. நாலு பேருக்கு ஒரு பாட்டில் என்றால் ஆளுக்கு ஒரு டம்ளர்கூட முழுதாக வராது. வெயில் ஊரில் பெரிய கிளாஸில் ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் சூடாகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பாட்டிலுக்கும் ஒரு தெர்மாகோல் சட்டை போட்டுத்தான் வைப்பார்கள். காலியான டம்ளரை யார் பார்த்தாலும் அவர் ஊற்றுவார், உங்கள் டம்ளரை நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டிய நிலை வராது.

ஷோப்பின்னு ஒண்ணு வாங்கினோம், மேல ரெண்டு விரக்கடைக்கு நுரை. ஏமாத்துறாங்களா?

இல்லை. பீப்பாயிலிருந்து குழாயில் பிடித்துத் தரும் பீர்தான் ஷோப்பி. அந்த நுரைக்கு இங்கே 'காலர்' என்று செல்லப்பெயர். பீர் மேல் காற்றுப் படாமல், குளிர்ச்சி போகாமல் காப்பது அதுதான். நுரை வேண்டாம் என்றால் அப்படியே தருவார்கள், ஆனால் இரண்டாவது வாயிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

எங்க ஆரம்பிச்சு எங்க முடிப்பீங்க?

மாலை ஆறு மணிக்குச் செலரோன் படிக்கட்டு. வெளிச்சம் இருக்கும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும். சிலி நாட்டில் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் செலரோன் தன் வீட்டு வாசலில் இடிந்து கிடந்த படிகளை 1990-இல் ஓடு ஒட்டிச் சரிசெய்யத் தொடங்கினார். கைக்காசும் ஓவியம் விற்ற காசும் போட்டு, 215 படிகளை அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஓடுகளால் நிரப்பினார். ஒட்டியதையே பெயர்த்துப் புது ஓடு வைப்பார், கடைசிவரை வேலை முடியவே இல்லை. 2013 ஜனவரியில் அதே படிகளில் அவர் இறந்து கிடந்தார். அங்கே போனால் படம் எடுக்கும் வரிசையில் நிற்பதோடு விட்டுவிடாமல் குனிந்து ஒவ்வொரு ஓடாகப் பாருங்கள்.

அங்கிருந்து நடந்தே லாப்பா வளைவுகள். இரண்டு அடுக்காக 42 வளைவுகள், வெள்ளை வெளேரென்று நிற்கும். கரியோக்கா ஆற்றுத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவரக் கட்டிய கால்வாய் இது, 1750-இல் முடிந்தது. ரியோக்காரர்களைக் 'கரியோக்கா' என்று அழைப்பதும் அந்த ஆற்றின் பெயரால்தான். தண்ணீர் வேலை முடிந்த பிறகு 1896-இல் அதன் தலைமேல் டிராம் தண்டவாளம் போட்டார்கள். சாந்தா தெரேசா மலைக்குப் போகும் மஞ்சள் டிராம் இன்றும் அதன் மேல்தான் ஓடுகிறது.

பிறகு மேன் ஜி சா சாலை. நோவா கப்பேலா என்ற பழைய உணவகத்தில் ஆட்டுக்கறி வறுவலும் பிரோக்கொலி சாதமும் பெயர்போனவை. நம் ஊர் நாக்குக்குக் காரம் பத்தாது, ஆனால் பூண்டு தாராளமாக இருக்கும். கடைசியில் சம்பா, பிரேசிலின் பாட்டும் ஆட்டமும். கரியோக்கா டா ஜெமா என்ற கடையில் உட்காருவோம், இல்லையென்றால் லவ்ராஜியோ தெருவில் பழம்பொருள்கள் நிறைந்த மூன்று மாடி ரியோ செனாரியும்.

பண்ருட்டியிலிருந்து கேக்கறேன். காய்ப்பிரீன்யா, காய்ப்பிரீன்யான்னு சொல்றாங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

அது பிரேசிலின் பெயர்போன மதுக் கலவை. எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ், கஷாசா என்ற கரும்புச் சாராயம். நாலே பொருள். ஆனால் போடும் கையைப் பாருங்கள். நல்ல பார்க்காரர் பச்சை எலுமிச்சையை வெட்டி, நடுவில் ஓடும் வெள்ளை நரம்பைக் கத்தியால் எடுத்தெறிவார். அது உள்ளே போனால் கசக்கும். துண்டுகளைக் கிளாஸில் போட்டு, இரண்டு கரண்டி சர்க்கரை தூவி, மரக்கட்டையால் நாலைந்து முறைதான் அழுத்துவார். நசுக்கிக் கூழாக்கினால் தோலின் கசப்பு இறங்கிவிடும். பிறகு கிளாஸ் நிறைய ஐஸ், அதன்மேல் கஷாசா. இதையெல்லாம் உங்கள் கண்ணெதிரே செய்யும் கடையில்தான் நான் நிறுத்துவேன். முன்கூட்டியே கலந்து பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்திருக்கும் வண்டிகளிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

கஷாசா கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சுவது. நம் ஊர் ரம் போல சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வருவதில்லை, அதனால் மூக்கருகே கொண்டுபோனதும் பச்சைக் கரும்பு வாசனை வரும். சட்டப்படி 38 முதல் 48 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம். சர்க்கரை அந்தக் காரத்தை மறைத்துவிடும், ஆகவே ஒன்றுக்கு மேல் குடிக்கிறவர்கள் நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். என் குழுவில் இதை நான் கேட்டு வாங்கிவைப்பேன்.

பண்ருட்டிக்காரர் என்றால் உங்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். முந்திரிப்பழம் போட்ட காய்ப்பிரீன்யாவும் இங்கே கிடைக்கும். முந்திரிக்குப் பிறந்த வீடே பிரேசில்தான். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் கப்பலில் கொண்டுவந்து இந்தியக் கரையில் இறக்கினார்கள். முதல் வாய் குடித்ததும் தொண்டையைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும்.

கள்ளக்குறிச்சி நினைப்பு வருது. அங்க கலப்படப் பயம் இல்லையா?

இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2025 செப்டம்பர், அக்டோபரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பிரேசிலில் பலர் இறந்தார்கள், பார்வை போனவர்களும் உண்டு. பெரும்பாலும் சாவோ பாவ்லோ மாநிலத்தில். அன்றிலிருந்து நான் இன்னும் கறாராகிவிட்டேன். அறிமுகமான கடை, நம் முன்னால் திறக்கும் பாட்டில், இல்லாவிட்டால் பீர். மலிவு விலை வோட்காவும் ஜின்னும் வேண்டவே வேண்டாம். குடித்த மறுநாள் பார்வை மங்கினாலோ, வயிற்றுவலியும் வாந்தியும் வந்தாலோ ஹேங்ஓவர் என்று படுத்துக் கிடக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்புலன்ஸ் எண் 192.

நானும் என் தோழியும் மட்டும் வர்றோம். பொண்ணுங்களுக்குச் சரிப்படுமா அக்கா?

சரிப்படும் தங்கச்சி, ஆனால் சில விஷயங்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, டம்ளரை விட்டு நகராதீர்கள். குடிக்கும் பானத்தில் மயக்க மருந்து கலந்து கொள்ளையடிப்பதற்கு இங்கே 'குட் நைட், சின்ட்ரெல்லா' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆண்களும் இதில் மாட்டுகிறார்கள். கழிவறைக்குப் போய்வந்தால் பழைய கிளாஸைத் தொடாமல் புதிதாக வாங்குங்கள், காசு போனால் போகட்டும்.

யாராவது தொந்தரவு செய்தால் 'நாவ்' (வேண்டாம்) என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நேரே கடை ஊழியரிடம் போங்கள். 2023 டிசம்பரில் வந்த சட்டப்படி, மது விற்கும் நிகழ்ச்சிக் கூடங்களும் இரவு விடுதிகளும் அப்படிப்பட்ட பெண்ணைப் பாதுகாத்து உதவியே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தின் பெயரே 'வேண்டாம் என்றால் வேண்டாம்'. சம்மதமில்லாமல் தொடுவது 2018 முதல் தனிக் குற்றம், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை.

போன் பறிச்சுடுவாங்கன்னு பயமுறுத்துறாங்களே?

பறிப்பார்கள். என் குழுவில் வந்த ஒருவர் வளைவுகளுக்கு அடியில் நின்று ஊருக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்தவன் பிடுங்கிக்கொண்டு போக மூன்று விநாடிகூட ஆகவில்லை. நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதிலிருந்து எந்த இடத்தில் போனை எடுக்கலாம் என்று நானே சொல்வது வழக்கம். கடைக்குள் எடுக்கலாம், நடக்கும்போது கூடாது. பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு நகல் கொண்டுவாருங்கள். தங்கச் சங்கிலி வேண்டாம்.

சைவத்துக்கு சைட் டிஷ் என்ன கிடைக்கும்?

அய்ப்பிம் வறுவல். வேறொன்றுமில்லை, நம் மரவள்ளிக்கிழங்கு. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து நம்மிடம் வந்ததுதான். வேகவைத்துப் பொரிப்பதால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய். பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த பஸ்தெல் என்ற பண்டம், சுட்ட பாலாடைக்கட்டி, உருளை வறுவல் எல்லாம் உண்டு. கறுப்பு பீன்ஸ் சூப் பார்க்கச் சைவம் போல இருக்கும், பெரும்பாலும் பன்றிக்கறி போட்டுத்தான் கொதிக்கவைப்பார்கள். 'கார்னி (இறைச்சி) வேண்டாம்' என்று சொன்னால் போதாது. கார்னி என்றால் அவர்கள் மாட்டுக்கறியை நினைத்துக்கொண்டு கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள். கோழி, பன்றி, மீன் எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

குடிக்கவே மாட்டேன். வரலாமா?

வாருங்கள். குவரானா என்ற குளிர்பானம், இளநீர், பேஷன் ஃப்ரூட் சாறு இருக்கிறது. யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

காசு விஷயத்துல எங்க கோட்டை விடுவோம்?

கொமாண்டாவில். பெரிய கடைகளில் வாசலில் ஆளுக்கொரு அட்டை தருவார்கள், அதன் பெயர் கொமாண்டா. குடித்தது, சாப்பிட்டது எல்லாம் அதில் ஏறும், வெளியே வரும்போது கட்ட வேண்டும். தொலைத்தால் பெரிய தொகை கேட்டு மல்லுக்கு நிற்பார்கள். சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொள்ளுங்கள். பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் வரும். கட்டாயமில்லை, ஆனால் கொடுத்துவிடுவதே இங்கே மரியாதை. பாட்டு இருந்தால் பாடகர்களுக்கான கட்டணம் தனியாக இருக்கும், அதில் பேரம் பேசாதீர்கள்.

போர்ச்சுகீசியம் ஒரு வார்த்தை தெரியாது.

தெரியும். மேசை, ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அவர்கள் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொற்கள். கடைக்குள் நுழைந்து விரலால் ஆள் கணக்கைக் காட்டி 'மேசா' என்றால் இடம் போட்டுத் தருவார்கள். டம்ளரை உயர்த்தும்போது 'சவூஜி', கணக்குக் கேட்க 'அ கோன்டா'. கூப்பிட 'அமீகோ'.

சம்பா நடக்கிற இடத்துல எப்படி நடந்துக்கணும்? ஆடத் தெரியாதே.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நல்ல சம்பாவுக்கு மேடை கிடையாது. நடுவில் ஒரு மேசை, சுற்றிலும் வாத்தியக்காரர்கள், அவர்களைச் சுற்றி ஜனம். அந்த வட்டத்துக்கு ரோடா என்று பெயர். கவாக்கின்யோ என்ற நாலு தந்தி வாத்தியம் முன்னால் ஓடும். பாண்டேய்ரோ நம் கஞ்சிராவின் பெரியப்பா மகன் மாதிரி, சுற்றிலும் சலங்கைத் தட்டுகள். குயீக்கா என்ற மேளத்தின் உள்ளே தோலில் ஒரு மூங்கில் குச்சி கட்டியிருக்கும். ஈரத்துணியால் அதை உருவ உருவ, மேளம் விசும்பும், சிரிக்கும். இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக சூர்டோ என்ற பெரிய மேளம் இரண்டாவது அடியில் ஓங்கி விழும். அந்த இரண்டாவது அடிக்குக் கால் தானாக அசையும், அதுவே ஆட்டம்தான். பல்லவியில் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள், கை தட்டினால் போதும்.

அந்த நடு மேசையில் உங்கள் டம்ளரை வைக்காதீர்கள். போன் விளக்கை முகத்தில் அடிக்காதீர்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உருவாக்கிய இசை இது. பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1888-இல்தான். அதன் பிறகும் பாண்டேய்ரோவோடு தெருவில் போனவரைப் போலீஸ் பிடித்து வாத்தியத்தைப் பறித்த காலம் இருந்தது. நம் பறையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை ஊரில் இருந்தால் துறைமுகப் பக்கம் பெத்ரா டோ சாலுக்கும் போங்கள், அந்தப் பாறைப் படிகளில் தெருவிலேயே ரோடா நடக்கும்.

ஊர் திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் ஊசி கேப்பாங்களாமே?

ஆமாம், பிரேசில் உள்ளே விடுவதற்குக் கேட்காது, இந்தியா கேட்கும். சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

ராத்திரி ரூமுக்கு எப்படித் திரும்புறது?

வரும்போது சினெலாந்தியா மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்து வரலாம். திரும்பும்போது மெட்ரோ நள்ளிரவில் மூடிவிடும், அதனால் செயலியில் வண்டி போட்டு, அது வாசலுக்கு வரும்வரை கடைக்குள்ளேயே நின்று, நம்பர் பிளேட் பார்த்து ஏறுங்கள். வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்ட நினைக்காதீர்கள். 2008 முதல் சட்டம் கடுமை, ஒரு டம்ளர் பீருக்கே மாட்டுவீர்கள்.

வண்டிக்குக் காத்திருக்கும்போது யாராவது 'சாய்தேய்ரா' என்பார்கள். கிளம்புவதற்கு முன் கடைசி ஒன்று என்று அர்த்தம். முதல் சாய்தேய்ராவுக்குச் சரி சொல்லுங்கள். இரண்டாவது சாய்தேய்ரா வந்தால் வண்டியை ரத்து செய்துவிட்டு நல்லதாக ஒரு தட்டு அய்ப்பிம் வறுவல் சொல்லிவிட்டு உட்காருங்கள், எப்படியும் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரமாகும்.