இயேசுவுக்கு மனித ஆன்மா உண்டா: எலத்தகிரி மறைக்கல்வி ஆசிரியருக்கு

உண்டு. உங்கள் ஏழாம் வகுப்புப் பையன் சொன்ன "உடம்பு மனுஷனோடது, உள்ளே ஆன்மாவுக்குப் பதிலா கடவுள்" என்பது கத்தோலிக்க நம்பிக்கை இல்லை. நான்காம் நூற்றாண்டில் ஆயர் அப்போலினாரிஸ் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். 381-இல் கான்ஸ்தாந்திநோபிளில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம் அதைத் தள்ளிவிட்டது. பையனைத் திட்டாதீங்க, ஆயரே சறுக்கின இடம்.

பெரும்பாலும் இது நம்ம பேச்சிலிருந்து வருவதுதான். கிறிஸ்துமஸ் குடிலைப் பார்க்க வரும் அக்கம்பக்கத்தாரிடம் "சாமி மனுஷ வேஷத்துல வந்தார்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நம்ம பக்கத்துத் தெருக்கூத்தில் விடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிடுவார்கள். மனுவுருவானவர், அதாவது மனிதராகப் பிறந்த கடவுள், எதையும் கலைக்கவில்லை; உயிர்த்த பிறகும் காயத் தழும்போடு மனிதராகவே இருக்கிறார்.

வகுப்பில் மாற்கு 14:32-36 வாசிக்கச் சொல்லிப் பாருங்க. கைதாவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவின் உள்ளம் சாகும் அளவுக்குத் துயரப்படுகிறது. தந்தையின் விருப்பத்துக்குத் தன் விருப்பத்தை விட்டுக்கொடுக்கிறார். ஆன்மா இல்லாத வெறும் உடம்பு எதை விட்டுக்கொடுக்கும்? இதைப் பையனிடமே கேளுங்க. மனித இயல்பில் எதை இயேசு ஏற்கவில்லையோ அது குணமாகவில்லை என்று அதே நூற்றாண்டு ஆயர் நசியான்சு கிரகோரியார் வாதிட்டதும் இதற்காகத்தான்: நம் மனசும்தானே மீட்கப்பட வேண்டும்!

ஒன்று மட்டும் கவனம். இதைக் கேட்டதும் "அப்போ உள்ளே ரெண்டு பேரா?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். இல்லை, ஆள் ஒருவரே, இயல்பு இரண்டு: கடவுள் இயல்பும் மனித இயல்பும். 451-இல் கல்செதோன் சங்கம் வகுத்தது அது. அதை அடுத்த ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்க.