முற்றத்துப் பூக்கள்: வாசகர் கேள்வியும் அன்ரியின் பதிலும்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எனக்கு வருகிற கடிதங்கள் எல்லாம் ஒரே சாயலில்தான் இருக்கும். தண்ணீர் ஊற்ற நேரமில்லை, கிணறும் இறங்கிவிட்டது, ஆனால் முற்றம் நிறமாக இருக்கவேண்டும். இம்முறை நாலு கடிதங்களை எடுத்திருக்கிறேன்.

*அன்ரி, கேற்றடியில் போகன்வில்லா வைத்து மூன்று வருடம். தினமும் பின்னேரம் தண்ணீர் விடுகிறேன், மாதம் ஒருக்கா யூரியாவும் போடுகிறேன். கூரை வரை ஏறிவிட்டது, பூவைத்தான் காணவில்லை. எதிர்வீட்டில் யாருமே கவனிக்காத செடி இளஞ்சிவப்பாகக் கொட்டுகிறது. என் கையில்தான் பிழையா?* (வாசகி, உப்புவெளி)

பிழை கையில் இல்லைத் தங்கச்சி, கையில் இருக்கிற வாளியில். எதிர்வீட்டுச் செடி பட்டினி கிடக்கிறது, அதனால் பூக்கிறது. உங்களுடையதற்கு மூன்று வேளையும் விருந்து. யூரியாவில் இருக்கிற தழைச்சத்து இலையைத்தான் வளர்க்கும். பிறகு அது ஏன் பூக்கவேண்டும்?

ஒரு பூங்கொத்தைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். நாம் பூ என்று சொல்கிற அந்த நிறத் தாள் மூன்றும் இலைகள். அவற்றின் நடுவில் தீக்குச்சிபோல் மெல்லிய குழல்கள் நிற்கும், நுனியில் வெள்ளையாகக் குட்டி நட்சத்திரம் விரியும். அதுதான் பூ. பிரேசில் பக்கத்திலிருந்து வந்த செடி இது. மழைக்காலம் முடிந்து மண் காய்ந்தால்தான் அதற்குப் பூக்கிற எண்ணம் வரும்.

யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். தண்ணீரையும் நிறுத்துங்கள். தளிர் இலை மத்தியானம் தொங்கி, பின்னேரமாகியும் நிமிராமல் கிடந்தால் மட்டும் அடியில் ஒரு வாளி. ஓரிரு மாதம் பொறுத்துப் பாருங்கள். தை மாதம் மழை ஓய்ந்ததும் நீண்ட கொப்புகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள், புதுக் கொப்பில்தான் பூ வரும். வெய்யில் ஐந்தாறு மணித்தியாலமாவது நேரே படவேண்டும். புதிதாக வைப்பவர்களுக்கு ஒன்று: பையைக் கிழிக்கும்போது மண்கட்டியை உடைக்காதீர்கள். போகன்வில்லா வேர் தொட்டாற்சுருங்கி மாதிரி, குலுக்கினால் செடியே கோபித்துக்கொள்ளும்.

*எங்கள் வீடு பிரெட்ரிக் கோட்டைக்குக் கிட்ட. விடிய எழும்பிப் பார்த்தால் செவ்வரத்தையில் தடி மட்டும் நிற்கிறது. மான்கள் திங்காத, பராமரிப்புக் குறைந்த பூஞ்செடி ஏதும் உண்டா?* (வாசகர், திருகோணமலை நகர்)

மானுக்குச் செவ்வரத்தை என்றால் நமக்குக் கொத்துரொட்டி மாதிரி. மணம் பிடித்து வரும். வேலி உயர்த்தினால் பாயும், கல்லெறிவது பாவம். வெளியூர்க்காரர் படம் எடுக்க வருகிற மானை, நாங்கள் மட்டும்தான் இப்படித் திட்டுகிறோம்.

அதற்குக் கசப்பானதை வையுங்கள். அலரி, பட்டிப்பூ, நந்தியாவட்டை, அடினியம் நாலும் ஒரே குடும்பம். நாலிலும் மிருகங்கள் விரும்பாத சத்து இருக்கிறது. ஆடு மாடும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். இவற்றில் எனக்குப் பிடித்தது பட்டிப்பூதான். இந்தியாவில் நித்தியகல்யாணி என்பார்கள். விதை தானாக விழுந்து சீமெந்து வெடிப்பிலும் முளைக்கும். என் கிணற்றுக்கட்டில் ஒன்று நிற்கிறது, அதை நான் நட்டதும் இல்லை, அதற்குத் தண்ணீர் விட்டதும் இல்லை. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிறிஸ்ரின் மருந்து இந்தச் செடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதற்காக யாரும் இலையை அவித்துக் குடிக்கவேண்டாம், அது நஞ்சு.

அலரி வெய்யிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அசையாது. சிவப்பு, வெள்ளை, றோஸ் எல்லா நிறமும் உண்டு. ஆனால் வேரிலிருந்து பூ வரை நஞ்சு. தவழ்கிற பிள்ளை உள்ள வீட்டில் வைக்காதீர்கள். வெட்டிய கொப்பைக் குப்பையோடு கொளுத்தவும் வேண்டாம், புகையும் கூடாது.

அடினியத்தில் நான் பட்டதைச் சொல்லவேண்டும். பாலைவன ரோஜா என்ற பெயரை நம்பி, பதினொரு சாடியைத் தாழ்வாரத்தின் கீழ் வரிசையாக வைத்தேன். மார்கழி மழைக்குக் கூரைத் தண்ணீர் முழுக்க அதற்குள்தான் விழுந்தது. இலை உதிர்ந்ததும், பசியாக்கும் என்று எருவும் போட்டேன்! தை பிறந்து ஒன்றின் பருத்த அடியை அமத்திப் பார்த்தேன். விரல், கனிந்த கதலிப்பழத்துக்குள் போவதுபோல உள்ளே போய்விட்டது. பதினொன்றில் தப்பியது இரண்டு. இப்போது பாதிக்குப் பாதி ஆற்றுமணலும் செங்கல் துண்டும் கலந்துதான் வைக்கிறேன். ஐப்பசி பிறந்ததும் சாடியை விறாந்தைக்குள் தூக்கிவிடுவேன். சாடியின் கீழ் தட்டு வைக்கிற பழக்கத்தையும் விட்டாயிற்று. வேர் அழுகுவது ஒரு பக்கம், நுளம்பு பெருகினால் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிற்பார்.

*யூரியூப்பில் வறண்ட காலநிலைக்கு ஏற்றது என்று லாவண்டரைக் காட்டினார்கள். கொழும்பில் வாங்கி வந்தேன், கார்த்திகையில் செத்துவிட்டது.* (மாணவி, உவர்மலை)

சாகும், பிள்ளை. அது மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி. அங்கே கோடை காயும், குளிர்காலம் உண்மையாகவே குளிரும். நம் ஊர் பாலைவனம் இல்லை. வருடத்துக்கு 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை, அதில் பெரும்பங்கு நாலு மாதத்துக்குள் கொட்டித் தீர்க்கும். வறட்சியையும் வெள்ளத்தையும் ஒருசேரத் தாங்குவதுதான் நமக்குச் சரி. ஊதா நிறம்தான் ஆசை என்றால் கடற்கரையில் அடம்பன் கொடியைப் பாருங்கள். யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

*புதுவீடு, வளவு முழுக்கக் கடல்மணல். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். எதை வைத்தாலும் இலை ஓரம் தீய்ந்துபோகிறது. அலரியும் போகன்வில்லாவும் வைக்க ஆசை.* (வாசகி, நிலாவெளி)

ஓரம் தீய்வது பெரும்பாலும் உப்பால். நீங்கள் தெரிந்தெடுத்த இரண்டும் உப்பைத் தாங்கும், பயப்படவேண்டாம். மணலில்தான் வேலை இருக்கிறது. இரண்டடி ஆழத்தில் குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டையை இரண்டு வரி அடுக்குங்கள். தென்னம்பிள்ளைக்குச் செய்வதுபோலக் குழிந்த பக்கம் மேலே பார்க்கவேண்டும், அப்போதுதான் தண்ணீர் தங்கும். மேலே மக்கிய மாட்டெருவும் செம்மண்ணும். நட்ட பிறகு காய்ந்த இலைகுழையால் அடியை மூடுங்கள், மணல் சுடாது.

தண்ணீரை இலையில் தெளிக்காதீர்கள், காய்ந்ததும் உப்பு இலையில் படிந்துவிடும். தினமும் ஒரு சிரட்டை ஊற்றுவதைவிட, கிழமைக்கு இரண்டு தரம் அடியில் நன்றாக விடுவது நல்லது. முதல் வருடம் மட்டும்தான் இந்தப் பாடு. வேர் இறங்கிவிட்டால் அதன்பாட்டில் நிற்கும்.

வேலிக்கு ஏன் தகரம்? பூவரசங் கதியால் நடுங்கள். காலையில் மஞ்சளாக விரிகிற பூ, பின்னேரம் வாடும்போது செம்மையாகிவிடும், ஒரே மரத்தில் இரண்டு நிறம். ஆனால் எதையும் இந்த ஆடி வெய்யிலில் நடாதீர்கள். குழியை இப்போதே வெட்டிப் பொச்சுமட்டையை அடுக்கி வையுங்கள். ஐப்பசியில் இரண்டு மழை விழட்டும். கதியால் தேவையென்றால் அப்போது எனக்கு எழுதுங்கள், அலஸ்தோட்டத்தில் என் வேலியில் வெட்டித் தருவேன். கத்தி மட்டும் நீங்கள் கொண்டுவரவேண்டும். என்னுடையதை இரவல் வாங்கியவர் இன்னும் திருப்பித் தரவில்லை.