மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு: கடிதமும் பதிலும்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் சிறிய உரக்கடை நடத்திவருகிறேன். உங்கள் தளத்தில் வரும் மருத்துவக் கட்டுரைகளைத் தவறாமல் வாசிப்பேன். என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் மதுரை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். ஊரில் பிளக்ஸ் எல்லாம் வைத்தார்கள். இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் அழுகிறாள். அனாட்டமி (உடற்கூறியல்) உள்தேர்வில் தேறவில்லை. வாய்மொழித் தேர்வில் வாயே திறக்கவில்லையாம். "எனக்கு இது வராதுப்பா, வேற ஏதாவது பி.எஸ்சி. சேர்ந்துக்கிறேன்" என்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது எலும்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்பது என் மனைவியின் கட்சி. பெண்ணை வெளியே எடுத்துவிடலாமா? இத்தனை வருடம் கஷ்டப்பட்டுப் படித்தால் உண்மையில் என்ன கிடைக்கும்? நீங்களும் அதே கல்லூரியில் படித்தவர் என்பதால் கேட்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: எடுக்க வேண்டாம். முதலாண்டுப் பல்கலைக்கழகத் தேர்வு முடியும்வரை அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்க வேண்டாம். உள்தேர்வில் ஒருமுறை தவறுவது மருத்துவக் கல்லூரியில் சாதாரணமாக நடப்பது; விடுதியில் எந்த அறைக்கதவைத் தட்டினாலும் அப்படி ஒருவர் இருப்பார், வெளியே சொல்ல மாட்டார், அவ்வளவுதான். பல்கலைக்கழகத் தேர்வில் தவறினாலும் துணைத்தேர்வு உண்டு. இன்றைய விதிப்படி முதலாண்டுத் தேர்வைத் தாண்டுவதற்கு நான்கு வாய்ப்புகள் தரப்படுகின்றன, முழுப் படிப்பையும் முடிக்க ஒன்பது ஆண்டுகள் வரை இடமிருக்கிறது. வருகைப்பதிவில்தான் இந்த அளவு தாராளம் கிடையாது. பாடவகுப்பில் 75 சதவீதமும் செய்முறை வகுப்பில் 80 சதவீதமும் இல்லாவிட்டால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள். ஆகவே அழுதுகொண்டே போனாலும் சரி, மகளை வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள். அழுகை என்பதைத் தாண்டி, சாப்பாடும் தூக்கமும் விட்டுப்போய், காலையில் எழுந்திருக்கவே முடியாத நிலை வருமானால், அது வேறு விஷயம். கல்லூரியோடு இணைந்த அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தயங்காமல் அங்கே காட்டச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த அளவுக்குப் போனதாகத் தெரியவில்லை.

உங்கள் மகள் ஏன் திணறுகிறார் என்பதைப் பாடத்தின் கடினத்தை மட்டும் வைத்து விளக்க முடியாது என்பது என் எண்ணம். நீட் தேர்வு 180 கேள்விகளுக்கு 720 மதிப்பெண் என்ற கணக்கில் நடப்பது. நான்கு விடைகள் கண்முன்னே இருக்கும், சரியானதைக் கண்டுபிடித்துக் குறித்தால் போதும். அதையும் தமிழிலேயே எழுதலாம். அந்தத் தேர்வுக்காக இரண்டு மூன்று வருடங்கள் மனத்தை ஒரு விதமாகப் பழக்கிவிட்டு, கல்லூரிக்குள் நுழைந்த மறுமாதமே, விடைகள் எதுவும் எதிரில் இல்லாமல், பேராசிரியர் முன் நின்று, ஆங்கிலத்தில், வாய்விட்டுச் சொல் என்றால், நகரத்தில் ஆங்கிலவழியில் படித்த பிள்ளைகளுக்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று மூன்று பாடங்கள் ஒரே ஆண்டில் வந்து விழுகின்றன. அனாட்டமியில் மட்டும் மாணவர் புதிதாகக் கேள்விப்படும் பெயர்கள் ஒரு சிறிய அகராதி அளவுக்கு வரும். இவற்றில் எதுவும் அறிவுக்குறைவால் வரும் சங்கடம் இல்லை. பழக்கம் மாறுகிற இடத்தில் எல்லோருக்கும் வருவது, தமிழ்வழி மாணவருக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது.

அந்த வாய்மொழித் தேர்வு எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொன்னால் மகளோடு பேச ஒரு பிடி கிடைக்கும். தேர்வாளர் மேசையிலிருந்து ஓர் எலும்பை எடுத்துக் கையில் கொடுப்பார். காறை எலும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே சட்டைக் காலருக்குக் கீழே தடவினால் தட்டுப்படுவது. முதல் கேள்வி பெரும்பாலும் "வலப்பக்கமா, இடப்பக்கமா?" என்பதுதான். இதற்கு மனப்பாடம் அதிகம் வேண்டியதில்லை. தட்டையாக இருக்கும் முனை தோள்பக்கம் போக வேண்டும், உருண்டு தடித்த முனை நெஞ்செலும்புப் பக்கம் வர வேண்டும், நீளவாட்டில் ஓடும் பள்ளம் கீழ்நோக்கி இருக்க வேண்டும், உள்பக்கத்து மூன்றில் இரண்டு பங்கு முன்னோக்கி வளைந்திருக்க வேண்டும். இந்த நான்கும் பொருந்தும்படி எலும்பைத் தன் உடம்பிலேயே பிடித்துப் பார்க்கும் மாணவர், ஆங்கிலம் தடுமாறினாலும் பாதிக் கிணற்றைத் தாண்டிவிடுவார். தேர்வாளர்களில் பெரும்பாலோர் கவனிப்பது எலும்பைப் பிடிக்கும் விதத்தைத்தான். பதில் எப்படிப்பட்டதாக இருக்கும் என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். மகளிடம் இரவு படிக்கும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, அறைத்தோழி கேட்க, உரக்கச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். மௌனமாகப் படித்ததை வாயால் சொல்ல வராது. எங்கள் வகுப்பில் அழகான கையெழுத்தில் குறிப்பெடுத்தவர்கள் பலர் வாய்மொழியில் தடுமாறியதற்கும், எப்போதும் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த சிலர் தப்பித்ததற்கும் இதுதான் காரணம்.

எலும்பு விஷயத்தில் உங்கள் மனைவியை நான் குறைசொல்ல மாட்டேன். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் யாருக்கும் சங்கடம்தான், அதை விடுதியிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஆனால் டிசெக்‌ஷன் ஹாலில் மேசைமேல் கிடத்தப்பட்டிருக்கும் உடல்களில் பல, இறந்தபின் இந்தப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதிக்கொடுத்தவர்களுடையவை என்பதை அவருக்குச் சொல்லிப் பாருங்கள். உடல் கெடாமலிருக்கப் பயன்படுத்தும் பார்மலினின் வாடை முதல் சில வாரங்களுக்குக் கண்ணைக் கரிக்கும், கையை எத்தனை முறை கழுவினாலும் சோற்றில் அந்த வாடை அடிப்பதுபோல் இருக்கும், பிறகு பழகிவிடும். அந்த வாடை பழகுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உடலுக்குரியவர் ஒரு மனிதர் என்பது மறக்கும் அளவுக்குப் பழகிவிடுகிறவர்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். உங்கள் மகள் அந்த வகை இல்லை என்று அவருடைய அழுகையே சொல்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பலன் எல்லாம் படிப்பு முடிந்தபின் மொத்தமாகக் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு ஐந்தரை ஆண்டுகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடத்துவதுதான் பெற்றோரும் பிள்ளைகளும் செய்யும் பெரிய பிழை. வார்டுக்குள் காலெடுத்துவைக்கும் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பலன் வரத் தொடங்கிவிடுகிறது, அதுவும் உங்கள் மகளைப் போன்றவருக்கு மற்றவர்களைவிட முன்னதாகவே.

காரணத்தைச் சொல்கிறேன். நோய் என்ன என்பதில் பெரும்பகுதி நோயாளி சொல்லும் கதையிலேயே இருக்கிறது. தொட்டுப் பார்ப்பதும் ஸ்கேனும் அதன் பிறகுதான். பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா "கிறுகிறுன்னு வருதுய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். இதை அப்படியே தலைசுற்றல் என்று எழுதிக்கொண்டு நகர்கிற மாணவர் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. "படுக்கையில புரண்டு படுத்தா வீடே சுத்துதா? எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டுதா? இல்ல நடக்கையில தள்ளாட்டமா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவருக்கு மூன்று வேறு வழிகள் திறக்கின்றன. வீடு சுற்றினால் பெரும்பாலும் காதின் உட்பகுதியில் கோளாறு. எழுந்ததும் கண் இருட்டினால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா, ரத்தசோகையா, பிரஷர் மாத்திரையின் அளவு கூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும். தள்ளாடினால் மூளையையும் நரம்பையும் பற்றி யோசிக்க வேண்டும். முதலாண்டில் ஆங்கிலம் இல்லாமல் தலைகுனிந்து நின்ற பிள்ளைகள், இந்த இடத்தில், பெரியாஸ்பத்திரியின் வராந்தாவில், வகுப்பிலேயே முதலாக நிற்பதை நான் மாணவனாகவும் பார்த்திருக்கிறேன், பிறகு ஆசிரியனாக நின்றும் பார்த்திருக்கிறேன். நகரத்துத் தோழிகள் "அந்தப் பாட்டி என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லு" என்று உங்கள் மகளைத் தேடி வருவார்கள். இப்போது முதலாண்டிலேயே கிராமத்துக் குடும்பங்களை மாணவர்களுக்கு ஒதுக்கி, அவர்களுடைய உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கச் செய்யும் திட்டமும் பாடத்தில் சேர்ந்திருக்கிறது. அங்கே அவர் பேசுவதை அவரே கவனித்துப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹவுஸ் சர்ஜனாக, அதாவது படிப்பின் கடைசி ஓராண்டில் பயிற்சி மருத்துவராக, நான் இருந்தபோது, இரவுப் பணியில், மேலூர்ப் பக்கத்து வயலில் தண்ணீர் பாய்ச்சப்போய்ப் பாம்பு கடித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கடித்தது கண்ணாடிவிரியன் என்று உடன்வந்தவர்கள் சொன்னார்கள். அதன் நஞ்சு ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை: 2 மில்லிலிட்டர் ரத்தத்தை ஒரு புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, கட்டிலின் அருகிலேயே, 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்திவைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். ரத்தம் ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது, நஞ்சுமுறி மருந்து ஏற்ற வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயாக இருந்தால் முடிவு தப்பாகிவிடும், பிளாஸ்டிக் குழாயும் உதவாது, இடையில் ஆவலாகத் தூக்கிப் பார்த்தாலும் கெட்டது. அந்த 20 நிமிடமும் அண்ணன் ஒருபக்கம், மனைவி ஒருபக்கம் என்று "என்ன சார் சும்மா நிக்கிறீங்க" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். குழாயைத் தொடாமல், அவர்களிடம் கோபப்படாமல், காரணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்பதுதான் அப்போது என் வேலை. சாய்த்தபோது ரத்தம் தண்ணீர்போல ஓடியது, மருந்து ஏற்றினோம். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி சோதித்தபோது குழாயைச் சாய்த்தும் ரத்தம் நகரவில்லை, உறைந்திருந்தது. சம்பளமோ பட்டமோ கைக்கு வருவதற்கு முன்பே, இருபத்துமூன்று வயதில், இப்படி ஒன்று ஒருவருக்குக் கிடைப்பது வேறு எந்தப் படிப்பில் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லா இரவும் அப்படி முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உறையாமலே போன இரவுகளும் இருந்தன, அவற்றுக்குப் பிறகும் மறுநாள் காலை ஓ.பி.யில் உட்கார வேண்டியிருந்தது.

பணத்தைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, இருந்தாலும் கடைக்காரரான உங்களிடம் கணக்கை மறைக்கக் கூடாது. நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, அதன்பின் நீட் முதுநிலைத் தேர்வுக்கான தயாரிப்பு, இடம் கிடைத்தால் மூன்று ஆண்டு மேற்படிப்பு. பொறியியல் படித்த பிள்ளைகள் சம்பளம் வாங்கி, கல்யாணம் முடித்து, வீட்டுக்கடன் கட்டத் தொடங்கும் வயதில் உங்கள் மகள் விடுதியில் இருப்பார். ஏழரை சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தபோதே அந்த மாணவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டது என்பதால் கடன் சுமை உங்களுக்கு இல்லை. இது சாதாரண விஷயமல்ல. எம்.பி.பி.எஸ். முடித்ததும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிக்கு முயலலாம். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த வழியைத்தான் சொல்வேன். படிப்பு முடிந்த கையோடு பயிற்சி மையத்தில் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் அறைக்குள் அடைந்து கிடப்பதைவிட, ஒரு கிராமத்து ஓ.பி.யில் உட்கார்ந்துகொண்டு படிப்பது மருத்துவராக ஆவதற்கு நல்லது. இது என் கருத்து. என் நண்பர்களில் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மதுரையில் இருப்பதால் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியைப் பற்றி மகளுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். 1918இல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்டதால் அந்த ஆசையை விட்டுவிட்டு, கண் மருத்துவத்தை முதலிலிருந்து படித்து, அந்த விரல்களாலேயே அறுவைசிகிச்சை செய்யப் பழகினார். இதே மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்தார். 1976இல் ஓய்வுபெற்றபின் 11 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். மேடைகளில் இதை மனஉறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, மருத்துவர் என்ற பட்டம் பெற்ற பிறகும் ஒன்றும் தெரியாதவராக மறுபடி ஆரம்பத்தில் போய் உட்கார அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை என்பது. முதலாண்டு மாணவிக்கு இப்போது தேவைப்படுவதும் அந்தக் கூச்சமின்மைதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, மூத்த மாணவியிடமோ ஆசிரியரிடமோ போய்க் கேட்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. விடுமுறைக்கு வந்த பெண்ணிடம் ஊரில் ஆளாளுக்கு ஸ்கேனையும் ரிப்போர்ட்டையும் நீட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பிளக்ஸ் வைத்த ஊர் அதைச் செய்யாமல் இருக்காது. கல்லூரியில் எலும்பின் பக்கம் சொல்லத் தெரியாமல் நின்றுவிட்டு வந்தவரை ஊர் டாக்டரம்மா என்று அழைத்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் நொந்துபோவார். இனி யாராவது ரிப்போர்ட்டோடு வந்தால், மகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார், மாத்திரை சொல்ல அவருக்குத் தெரியாது, சொல்லவும் கூடாது என்று நீங்களே வாசலில் நின்று சொல்லி, உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். தேர்வு முடிவு வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்.