ராணுவ ஆஸ்பத்திரிச் சுவர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். நம் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியின் பழைய கட்டடங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன், வேலைக்குத் தினமும் தலைநகருக்கு வருகிறேன். துறைமுகத்து ஓரம் ட்ரூ ஃபான்ஃபரோனில் உள்ள பழைய ராணுவ ஆஸ்பத்திரி, நான் சிறுவனாக இருந்தபோது பூட்டிக் கிடந்தது. இப்போது அங்கே அடிமை வரலாற்று மியூசியம் வந்திருக்கிறது. அது அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களுக்கு வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருக்கிறது? நமக்குத்தான் பக்கத்திலேயே, ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் கரையிறங்கிய ஆப்ரவாசி காட் இருக்கிறதே. இன்னொன்று, எவ்வளவு செலவழித்தாலும் அந்தச் சுவர் திரும்பத் திரும்பப் பெயர்ந்து வரத்தான் போகிறது. நல்ல சிமெண்ட்டாகப் பூசிவிடலாம், இல்லை இடித்துவிட்டு மக்களுக்கு ஒரு கிளினிக் கட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக நினைக்காதீர்கள்.

அன்புடன்,
ரோஸ் ஹில் வாசகர்

அன்புள்ள தம்பி,

தவறாக எதற்கு நினைக்கப் போகிறேன்? பலர் மனதில் வைத்திருப்பதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். ஆனால் உங்கள் முதல் கேள்வி என்னை ரொம்ப வருத்தியது, அதனால் அதற்கே முதலில் வருகிறேன்.

அந்த ஆஸ்பத்திரி 1740 வாக்கில் எழுந்தது. கட்டியவர் என்று பெயர் வாங்கியவர் பிரெஞ்சு கவர்னர் லா பூர்தொன்னே. 1746இல் இங்கிருந்து கப்பல்களோடு போய் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தாரே, அவரேதான். 400, 500 நோயாளிகள் படுக்கிற அளவுக்குக் கட்டியதாகவும், ஒரு வருஷம் தினமும் காலையில் தானே போய்ப் பார்த்ததாகவும் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இருக்கலாம். மாதக்கணக்கில் கடலில் கிடந்து, ஈறு அழுகி, நடக்கத் தெம்பில்லாமல் வந்து இறங்கிய மாலுமிகளைப் படகிலிருந்து நேரே தூக்கிக்கொண்டு போக வசதியாகத்தான் துறைமுகத்தின் ஓரத்திலேயே இடம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கல்லைச் சுமந்தது யார், செதுக்கியது யார், சுண்ணாம்பைக் குழைத்தது யார்? மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துக்கொண்டு வந்த அடிமைகள். அவர்களோடு, பாண்டிச்சேரிப் பக்கமிருந்து வரவழைத்த நம் கொத்தனார்களும் தச்சர்களும். ஆப்ரவாசி காட்டில் முதல் ஒப்பந்தக் கூலி கால் வைப்பதற்குச் சுமார் நூறு வருஷம் முன்பே தமிழ் பேசிக்கொண்டு இந்த ஊரில் சுவர் எழுப்பியவர்கள் அவர்கள். ஊரின் கிழக்கே ஒரு பகுதிக்கு 'மலபார் முகாம்' என்று பெயர் வந்ததே இவர்களால்தான். தமிழர்களை அன்றைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'மலபார்' என்றுதான் சொல்வார்கள்.

இதுவரை நம்மவர்கள் தலை நிமிர்ந்து கேட்பார்கள். அடுத்ததைச் சொன்னால்தான் முகம் மாறும். எல்லாத் தமிழரும் கூலி பேசி வந்த கைவினைஞர்கள் இல்லை. பாண்டிச்சேரியிலிருந்து தமிழர்களை அடிமைகளாகவும் ஏற்றினார்கள். சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோது பிள்ளையை விற்றவர்கள் உண்டு, விற்கப்பட்ட பிள்ளை கப்பலேறி இங்கே வந்ததும் உண்டு. 1835 பிப்ரவரி 1ஆம் தேதி இந்தத் தீவில் விடுதலையான சுமார் 66,000 பேரில் இந்தியாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் பெயர் மாறி, மதம் மாறி, கிரியோல் மக்களோடு கலந்துவிட்டார்கள், அதனால் நம் கணக்கிலிருந்து அவர்களை எடுத்துவிட்டோம். அடிமைகள் விடுதலையான பிப்ரவரி 1 அவர்களுக்கு, ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நவம்பர் 2 நமக்கு என்று இரண்டு லீவு நாளையும் பங்கு போட்டுக்கொண்டோம். அந்த மியூசியத்தில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். நாம் பேசாமல் விட்ட நம் ஆட்கள் இருக்கிறார்கள், தம்பி.

சரி, சுவருக்கு வருகிறேன்.

நான் பையனாக இருந்தபோது வடக்கிலிருந்து பஸ்ஸில் வந்து இமிக்ரேஷன் ஸ்கொயரில் இறங்குவோம். பின்னால் அந்தச் சுவர் தெரியும், மேலே ஆலங்கன்று முளைத்திருக்கும். ஆலங்கன்றைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. மயிரிழை அளவு விரிசல் போதும், வேர் உள்ளே போய்ச் சுண்ணாம்பைத் தின்று கல்லையே நெம்பிவிடும். ஆனால் அதைவிடப் பெரிய எதிரி, நீங்கள் சொல்கிற சிமெண்ட். எரிமலைக் கல்லையும் பவளக் கல்லையும் சுண்ணாம்பு வைத்துக் கட்டிய சுவர், தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், மேல்பூச்சு வழியாக அதை வெளியே விட்டுவிடும். நம் ஊர்க் கொத்தனார் பாஷையில் சொன்னால் சுவர் மூச்சுவிடும். அதன்மேல் சிமெண்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். துறைமுகத்து ஈரம், அதனால் உப்பும் சேர்ந்து வரும். உப்பு உள்ளே உறைந்து, கல்லின் முகத்தையே செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே மாவாகிக்கொண்டிருக்கும். 1960இல் கரோல் புயல் மர வீடுகளை வாரிக்கொண்டு போன பிறகு நாம் எல்லோருமே சிமெண்ட்டைத்தான் சாமி மாதிரி நம்பினோம், அதில் தப்பில்லை. ஆனால் வீட்டுக்கு நல்லது எல்லாம் 1740இன் சுவருக்கு நல்லதாகிவிடாது.

அந்தச் சுவருக்கு வேண்டியது சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கை. இந்தத் தீவுகளில் 'ஆர்கமாஸ்' என்று ஒரு தளம் போடுவார்கள், தெரியுமா? சுண்ணாம்பு, செங்கல் தூள், வெல்லம், முட்டை எல்லாம் சேர்த்து நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம். பாண்டிச்சேரிக் கொத்தனார்கள் கொண்டுவந்த வித்தை அது. செட்டிநாட்டு வீடுகளில் பூச்சுக்குக் கடுக்காய்த் தண்ணீர் சேர்ப்பார்களே, அதற்கு இது தம்பி முறை. பக்கத்துத் தீவான ரீயூனியனில் காப்பிக்கொட்டை காயவைத்த தளங்களில்கூட இதைப் பார்க்கலாம். இந்த வேலை தெரிந்தவர்கள் இன்றைக்கு இங்கே எத்தனை பேர்? எனக்கு இருக்கிற பெரிய கவலையே இதுதான். பணம் ஒரு வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வரும். வித்தை போனால் வராது.

மியூசியம் வந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். அடிமை முறையையும் ஒப்பந்தக் கூலி முறையையும் விசாரிக்க அரசு அமைத்த உண்மை மற்றும் நீதி ஆணையம் அடிமை வரலாற்றுக்கு ஒரு மியூசியம் வேண்டும் என்று சொன்னது 2011இல். அங்கே முதல் கண்காட்சி நடந்தது 2020இல். நடுவில் ஒன்பது மழைக்காலம் போயிருக்கிறது. கண்காட்சிப் பலகை மாட்டினால் கூரை ஒழுகுவது நின்றுவிடாது. வருஷா வருஷம் ஆள் ஏறிப் பார்க்க வேண்டும், செடி பிடுங்க வேண்டும், பூச்சு போட வேண்டும். அந்தச் செலவுக்கு நிலையான ஏற்பாடு இல்லாதவரை எனக்குத் தூக்கம் வராது. ஆப்ரவாசி காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் ஐந்து லட்சம் பேர் வந்திறங்கிய இடம். நெடுஞ்சாலைக்காகப் பெரும்பகுதியை இடித்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் 2006இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வாங்கினோம். மிச்சத்தில் ஒன்று, வந்திறங்கியவர்களுக்கான ஆஸ்பத்திரிப் பகுதி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆஸ்பத்திரிகள், இரண்டிலும் நம் ஆட்கள்.

கிளினிக் வேண்டும் என்கிறீர்கள், கட்டாயம் வேண்டும், அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு இந்த இடம்தானா கிடைத்தது?

ஒரு சனிக்கிழமை காலை வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பத்து மணிக்கு இமிக்ரேஷன் ஸ்கொயரில் நிற்கிறேன். உள்ளே போவதற்கு முன்னால் வெளிச் சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம், வெளிர்நிறப் பவளக் கல் எது, கருப்பு எரிமலைக் கல் எது என்று பிள்ளைகளைத் தடவிப் பார்க்கச் சொல்லுவோம்.

அன்புடன்.