அணைத்திருக்கும் கை

கேள்வி: எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த தம்பதியர் சிலைகள் பலவற்றில் மனைவி கணவனை அணைத்திருக்கிறாள், கணவனோ கைகளை மடியில் வைத்தபடி நேரே பார்த்திருக்கிறான். அவள் அவனுக்குக் கீழ்ப்பட்டவள் என்பதையா இது காட்டுகிறது?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: கல்லறை பெரும்பாலும் கணவனுக்கென எழுப்பப்பட்டது, சிலையிலும் அவனே முதன்மை பெறுகிறான் என்ற அளவில் உங்கள் ஐயம் நியாயமானதே. ஆயினும் அந்தக் கையைக் கீழ்ப்படிதலாக மட்டும் கொண்டால், சிலை எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மறந்தவர்களாவோம். இறந்தவரின் 'கா' எனும் உயிராற்றல் வந்து தங்குவதற்கான உடலாகவே எகிப்தியர் அதனைக் கருதினர். பெரும் பிரமிடுகள் எழுந்த ‘பழைய அரசு’க் காலத்தில் அதைப் பெரும்பாலும் சுவரெழுப்பி மூடிய சிற்றறையில் வைத்து, வெளியே இடும் தூபத்தின் மணம் உள்ளே செல்லச் சிறு துவாரம் மட்டும் விட்டார்கள். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய கலியாணப் படங்கள் வருவோர் போவோர் பார்ப்பதற்கானவை; இருளில் மூடப்பட்ட அந்த அணைப்போ, மறுமையிலும் இருவரும் பிரியாதிருப்பதற்கானது.

எல்லாச் சிலைகளிலும் அணைப்பு இருப்பதில்லை. 1871இல் எகிப்தின் மெய்தூம் என்ற இடத்தில் கிடைத்த இராகோதெப், நொஃப்ரெத் தம்பதியர், நம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலும் கிடக்கின்ற சுண்ணக்கல்லில், தனித்தனிக் கற்களாகச் செதுக்கப்பட்டு, ஏறக்குறைய ஒத்த அளவில் அமர்ந்திருக்கிறார்கள். நொஃப்ரெத்தின் பொய்முடிக்குக் கீழே, நெற்றியில் அவளுடைய சொந்தக் கூந்தலின் விளிம்பைக்கூடச் சிற்பி விட்டுவிடவில்லை.

என் மனத்தை விட்டு அகலாதது, கீசாவில் கிடைத்து இன்று கெய்ரோ அருங்காட்சியகத்திலுள்ள செனெப்பின் குடும்பச் சிலையே. குள்ளராகப் பிறந்து உயர் அதிகாரியாக விளங்கிய செனெப், கால்களை மடித்துச் சப்பணமிட்டு அமர்ந்திருக்கிறார். அருகில் மனைவி செனெதிதெஸ் ஒரு கையால் அவரது முதுகை அணைத்து, மறு கையை அவரது கைமேல் வைத்து, மெல்லிய புன்முறுவலுடன் இருக்கிறாள். ஏனைய சிலைகளில் கணவனின் கால்கள் தொங்கும் இடம் இங்கே வெறுமையாக இருந்திருக்கும். அந்த இடத்தில் மகனையும் மகளையும் வாயில் விரல் வைத்தபடி நிறுத்தி, குடும்பத்தையே முழுமையாக்கிவிட்டான் அந்தச் சிற்பி. அங்கே அணைத்திருக்கும் கையில் அடிமைத்தனத்தை என்னால் காண முடியவில்லை.

பல நூற்றாண்டுகள் கழித்து, ‘புதிய அரசு’ எனப்படும் காலத்துச் சிலைகள் சிலவற்றில், கணவனும் தன் கையை மனைவியின் முதுகுப்புறமாகக் கொண்டுசென்று அவளை அணைத்திருக்கிறான்.