வாசகர் கேள்வி – பதில்: நீர்மூழ்கி மாலுமியின் வேர்பாஸ்

கேள்வி: இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் கடற்படை ஆவணங்களைச் சேகரித்து வருகிறேன். நீர்மூழ்கி மாலுமி ஒருவருடையது என்று சொல்லி ஒரு வேர்பாஸ் (படைப்பணிப் பதிவுப் புத்தகம்) விலைக்கு வந்திருக்கிறது. அதே மனிதரின் சோல்ட்பூக் (சம்பளப் புத்தகம்) இல்லை என்கிறார் விற்பவர். இதைச் சந்தேகிக்க வேண்டுமா? அவர் நீர்மூழ்கியில் பணியாற்றியவர்தானா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: சோல்ட்பூக் இல்லை என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். படைக்கு ஆள் தேர்வாகும்போது தரப்படும் வேர்பாஸ், அவர் பணியில் சேர்ந்ததும் படைப்பிரிவின் அலுவலகத்துக்குப் போய்விடும். அதற்கு மாற்றாக, சம்பளப் புத்தகமும் அடையாள அட்டையுமாகிய சோல்ட்பூக் அவர் கைக்கு வரும். பணியிலிருந்து விடுவிக்கப்பட்டால் வேர்பாஸ் அவரிடம் திரும்பும். இறந்தால் குடும்பத்துக்கு அனுப்பப்படும். நீர்மூழ்கிகளில் சென்ற ஏறத்தாழ 40,000 பேரில் நான்கில் மூன்று பங்கினர் உயிரிழந்தார்கள் என்பதை நினைத்தால், கரையில் இருந்த வேர்பாஸ் மட்டும் வீடு வந்து சேர்ந்திருப்பது இயல்பே.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. போலி செய்பவர்கள் பெரும்பாலும் முழுப் புத்தகத்தையும் தயாரிப்பதில்லை. சாதாரணக் கடற்படை மாலுமியின் உண்மையான வேர்பாஸில் நீர்மூழ்கிப் பணியைக் குறிக்கும் ஒரு வரியையும் ஒரு முத்திரையையும் சேர்த்துவிடுகிறார்கள், ஏனென்றால் நீர்மூழ்கிக்காரருடைய ஆவணத்துக்குத்தான் விலை அதிகம். ஆகவே புத்தகம் அசல்தானா என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு வரியும் அசல்தானா என்று பாருங்கள். முதல் சோதனை தேதிகள். பிரான்சின் லோரியான் துறைமுகத்துக்கு முதல் ஜெர்மன் நீர்மூழ்கி வந்ததே 1940 ஜூலையில்தான். அதற்கு முந்தைய தேதியில் அந்த ஊரைத் தளமாகக் காட்டும் பதிவு பொய். குந்தர் பிரீன் தலைமையில் சென்ற யூ-47 கப்பல் 1941 மார்ச்சில் காணாமற்போனது. 1942-இல் ஒருவர் அதில் பணியில் இருந்திருக்க முடியாது. நீர்மூழ்கி மாலுமிகளுக்கான போர்ச் சின்னம் நிறுவப்பட்டது 1939 அக்டோபர் 13 அன்று என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு முன்பே அது வழங்கப்பட்டதாகக் காட்டும் பதிவும் பொய்.

அடுத்து எழுத்து. பல ஆண்டுகளில், பல அலுவலகங்களில், பல எழுத்தர்கள் நிரப்பிய பக்கத்தில் மையின் நிறமும் கையெழுத்தும் மாறிக்கொண்டே வரும். ஐந்து ஆண்டுப் பதிவுகளும் ஒரே கையில், ஒரே பேனாவில் எழுதப்பட்டதுபோல் தெரிந்தால் புத்தகத்தை மூடிவிடுவது நல்லது. புகைப்படத்தின் மூலையில் விழுந்த முத்திரையின் மறுபாதி தாளில் பிசகாமல் தொடர்கிறதா, படத்தைப் பிணைத்த உலோக வளையத்தின் துருக்கறை தாளிலும் ஊறியிருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். புற ஊதா விளக்கைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். அது பிற்காலத் தாளைக் காட்டிக்கொடுக்குமே தவிர, பழைய தாளில் புதிதாக எழுதிய வரியைப் பிடிக்க உதவும் என்று நம்பியிருக்க முடியாது. கடைசியாக, ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வீரர்களின் விவரங்களைப் பேணிவந்த பெர்லின் அலுவலகம் 2019-இல் அதனுடன் இணைந்துவிட்டது.

கேள்வி: வேர்பாஸின் மேலட்டையில் கழுகும் ஸ்வஸ்திகமும் உள்ளன. ஜெர்மனியில் இதை வைத்திருக்கலாமா?

பதில்: வைத்திருக்கலாம். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு தடுப்பது அச்சின்னத்தைப் பொதுவெளியில் காட்டுவதையும் பரப்புவதையும்தான். வரலாற்று ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. விற்பனைப் படங்களில் சின்னத்தை மறைத்துக் காட்டுவது அதனால்தான். மறைப்பதைப் படத்தோடு நிறுத்துங்கள். அட்டையின்மேல் எதையும் ஒட்டிவிடாதீர்கள், பிரிக்கும்போது துணியின் மேற்பரப்பும் சேர்ந்து உரிந்து வந்துவிடும்.